இரண்டு பயராபீஸ்

காலை ஏழு மணிக்கெல்லாம் சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டத்தில் வேன்கள் வந்து நின்றுவிடும். தூக்குவாளி, தண்ணீர் பாட்டில், தோளில் ஒரு பழைய துண்டு. ஏறுகிற பெண்களிடம் எங்கே வேலை என்று கேட்டால் "பயராபீஸ்ல" என்பார்கள். பட்டாசு ஆலை என்பது பத்திரிகைக்காரர்கள் எழுதுகிற சொல். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் தீப்பெட்டி செய்கிற இடம் தீப்பெட்டியாபீஸ். வெடி செய்கிற இடம் பயராபீஸ்.

அம்மாவை வேனில் ஏற்றிவிட்டு, கல்லூரிப் பேருந்துக்காக அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள் ஒரு பெண். பி.காம் இரண்டாம் ஆண்டு. கையில் காப்பீடு பற்றிய பாடப்புத்தகம். முதல் அத்தியாயத்தில் ஒரு வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தாள். "சார், இங்க பாருங்க, லண்டன்லயும் பயராபீஸ்னு போட்டிருக்கு" என்று காட்டினாள். சன் ஃபயர் ஆபீஸ், 1710. தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அந்த ஊரில் அப்போது வழங்கிய பெயரே அதுதான்.

இந்தக் கட்டுரை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான். ஒரே சொல். அங்கே அது நெருப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்த இடம். இங்கே அது நெருப்போடு தினமும் உட்கார்ந்திருக்கிற இடம். முதல் பயராபீஸின் அறிவு இரண்டாவது பயராபீஸுக்கு ஏன் முழுசாக வந்து சேரவில்லை?

1666 செப்டம்பரில் ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ லண்டனை நான்கு நாள் எரித்தது. 13,000-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. அதற்குப் பிறகு நிக்கோலஸ் பார்பன் என்ற கட்டடக்காரர், மருத்துவம் படித்தவர், வீடுகளுக்குத் தீக் காப்பீடு தொடங்கினார். செங்கல் வீட்டுக்கு ஒரு கட்டணம், மரவீட்டுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. மரவீடு கட்டாதே என்று அவர் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. வருஷா வருஷம் கூடுதலாகக் கட்டுகிறவருக்கே அது உறைத்துவிடும். இந்த நிறுவனங்கள் தங்களுக்கென்று தீயணைப்பு ஆட்களையும் வைத்துக்கொண்டன. எரிந்த பிறகு பணம் கொடுப்பதைவிட எரியாமல் பார்த்துக்கொள்வது மலிவு என்று அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

காப்பீடு என்றால் செத்தபிறகு வரும் பணம் என்றுதான் நம் ஊரில் பதிந்திருக்கிறது. எல்.ஐ.சி. ஏஜென்ட் வீட்டுக்கு வரும்போது பெரியவர்கள் முகம் சுளிப்பதும் அதனால்தான். பல்கலைக்கழகங்களில் இன்சூரன்ஸும் ரிஸ்க் மேனேஜ்மென்ட்டும் ஒரே படிப்பாகச் சேர்ந்திருப்பதற்குக் காரணம் வேறு. அந்தப் படிப்பில் பாதி, விபத்துக்கு முந்தைய நேரத்தைப் பற்றியது. விருதுநகர் மாவட்டத்துக்கு வேண்டியது அந்தப் பாதி.

ஒரு ரூமை எடுத்துக்கொள்வோம். பயராபீஸில் வேலை நடக்கும் தனித்தனிக் கொட்டகைகளை ரூம் என்றுதான் சொல்வார்கள். ஒரு ரூமுக்கும் இன்னொன்றுக்கும் இடையே வெட்டவெளி. ஓடுவதற்கு வசதியாகப் பல பக்கமும் கதவு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். இரும்புக் கரண்டி கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் என்று மருந்தைக் கலக்கும் வேலை வெயில் ஏறுமுன் முடிந்துவிட வேண்டும். கலந்த மருந்தை மீதம் வைத்து மறுநாளைக்கு எடுக்கக் கூடாது. ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானாகவே சூடேறும். ஒரு ரூமில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது.

இந்த நான்கு என்ற எண்ணில்தான் நான் அதிக நேரம் நின்றேன். வெடிபொருள் விதிகளை எழுதியவர்கள், விபத்தே நடக்காது என்று நம்பி அதை எழுதவில்லை. என்றோ ஒரு நாள் அந்த ரூம் வெடிக்கும் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். வெடித்தால் எத்தனை உயிர் வரை போகலாம்? நான்கு. பக்கத்து ரூமுக்குத் தீ தாவாமல் இருக்க எவ்வளவு தூரம் வேண்டும்? அதற்கும் ஒரு கணக்கு. காப்பீட்டுப் படிப்பில் இதை அதிகபட்ச இழப்பு மதிப்பீடு என்று சொல்லிக்கொடுப்பார்கள். படிக்கவே மனம் கனக்கும் கணக்கு இது. ஆனாலும் இதைப் போட்டுப் பார்த்தவர்களால்தான் பல உயிர்கள் தப்பியிருக்கின்றன. நான்கு பேர் ரூமில் எட்டுப் பேரை உட்கார வைப்பவர், அந்தக் கணக்கை ஒரே நொடியில் இரண்டு மடங்காக்குகிறார். பதிவேட்டில் எண் மாறுவதில்லை.

உள்குத்தகை என்ற சொல்லை இந்த வட்டாரத்தில் குழந்தைகளும் அறியும். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று யார் கொடுத்தது என்பதை வைத்து அதைச் சொல்வார்கள். ரூம்களோ வேறு வேறு ஆட்களுக்குக் கைமாறியிருக்கும். குத்தகைக் காசை எடுக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் மருந்தும் கூடும், ஆளும் கூடும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த விபத்திலும் இதுதான் பேசப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் முதலிப்பட்டி, ரெங்கபாளையம், செங்கமலப்பட்டி, சின்னக்காமன்பட்டி என்று விபத்துகள். ஊர்ப் பெயரைச் சொன்னாலே வருஷம் ஞாபகத்துக்கு வரும் மாவட்டமாக இது ஆகிவிட்டது.

மூன்று சொற்கள்

நிவாரணம், இழப்பீடு, காப்பீடு. விபத்து நடந்த மறுநாள் செய்திகளில் இந்த மூன்றும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றாக வந்து விழும். நானும் அப்படி எழுதியவன்தான். காப்பீடு படிக்கிற மாணவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இவற்றைத்தான். நிவாரணம் அரசு மனமிரங்கிக் கொடுப்பது. இழப்பீடு சட்டப்படி முதலாளி கொடுத்தே ஆக வேண்டியது. காப்பீடு என்பது அந்தக் கடனைத் தீர்க்க முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. முதலாவதை வாங்கிக்கொண்டு அடுத்த இரண்டையும் கேட்காமலே போன குடும்பங்கள் இங்கே உண்டு. யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கும் 40 வயதுத் தொழிலாளி இறந்தால் என்ன? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு வழி சொல்லியது. மாதக் கூலியில் பாதியை எடுத்து, வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அது 184.17. ஆக 6,000 பெருக்கல் 184.17, பதினொரு லட்சத்து ஐயாயிரத்து இருபது ரூபாய். 25 வயதுக்குக் காரணி எண் 216.91. ஐம்பதுக்கு 153.09. வயது ஏற ஏற இறங்கும். மாதாமாதம் வந்திருக்க வேண்டிய பணத்தை இன்றைக்கே மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு என்பதற்கான கணக்கு அது. இந்த மாதிரி எண்களை உருவாக்குகிறவர்களுக்கு ஆக்சுவரி என்று பெயர். எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி, 1693-இல் பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து ஆயுள் அட்டவணை போட்டார். 184.17 என்ற எண்ணின் வேர் அங்கேதான் போய் நிற்கிறது.

தொழிலாளி இ.எஸ்.ஐ. என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தால் கணக்கு வேறு. மொத்தத் தொகை கிடையாது, மாதாமாதம் வரும். வேலையின்போது இறந்தவரின் சராசரிக் கூலியில் 90 சதவீதம் சார்ந்திருந்தவர்களுக்குப் பங்காகும். இதற்காக 12,000 ரூபாய்க் கூலியில் தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். முதலாளி 3.25 சதவீதம், 390 ரூபாய். மாதம் 480 ரூபாய்க்கு ஒரு குடும்பத்தின் ஆயுள்காலப் பிடிமானம்.

அந்தப் பெண்ணின் வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ரேஷன் கார்டுக்கு அடியில் அம்மாவின் இ.எஸ்.ஐ. அட்டை இருந்தது. அது முன்பு வேலை பார்த்த இடத்தில் கொடுத்தது. இப்போது போகிற இடத்தில் சனிக்கிழமை சனிக்கிழமை கையில் காசு. பிடித்தம் உண்டா, பெயர் ஏறியிருக்கிறதா, தெரியாது. "கூலிய சரியா கொடுத்துர்றாக தம்பி, அதுக்கு மேல நாம என்னத்தக் கேக்க" என்றார் அம்மா. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கம்மா பேரு ரிஜிஸ்டர்ல இருக்கான்னு எங்கம்மாவுக்கே தெரியல சார். நான் இன்சூரன்ஸ் படிக்கிறேன்" என்றாள்.

ரிஜிஸ்டரில் பெயர் இல்லாதவருக்கு, விபத்துக்குப் பிறகு முதல் போராட்டம் பணத்துக்காக அல்ல. அவர் அங்கே வேலை பார்த்தார் என்று நிரூபிப்பதற்காக. ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவருக்கும் முதன்மை முதலாளியே பொறுப்பு என்று 1923-ஆம் ஆண்டின் சட்டம் தெளிவாகத்தான் சொல்லியது. சாட்சி சொல்லக்கூடிய பக்கத்து ரூம்காரரும் அதே வேலையை நம்பிப் பிழைப்பவர் என்பதுதான் இடறல்.

இந்த மாவட்டத்துக்குக் காப்பீடு வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்ன வரலாறு உண்டு. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் குழுக் காப்பீடு வேண்டும், பிரீமியத்தை முதலாளிதான் கட்ட வேண்டும் என்று 1990-இல் தீர்ப்பு வந்தது. குழந்தைத் தொழிலாளர் வழக்கு என்றுதான் அது எல்லோருக்கும் ஞாபகம். அதற்குள் காப்பீட்டைப் பற்றி இவ்வளவு தீர்க்கமான உத்தரவு இருந்ததை நான் மிகத் தாமதமாகத்தான் படித்தேன்.

மறுவருஷமே இன்னொரு சட்டம் வந்தது. 1984 போபால் விஷவாயுவுக்குப் பிறகு யோசித்து எழுதிய பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991. ஆபத்தான பொருளைக் கையாள்கிறவர், வெளியார் யாருக்காவது பாதிப்பு வந்தால் கொடுப்பதற்காகக் கட்டாயம் பாலிசி எடுக்க வேண்டும். யார் தவறு என்ற விசாரணைக்குக் காத்திராமல் உடனடித் தொகை. தொடக்கத்தில் உயிரிழப்புக்கு 25,000 ரூபாய். வெளியார் என்றால் அங்கே வேலை செய்கிறவர் அல்லாதவர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 40-ஐ ஒட்டிய உயிர்கள் போனபோது, இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்ல. புகையைப் பார்த்து, யாரையாவது காப்பாற்றலாம் என்று சுற்று ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். ஒரே மைதானத்தில் விழுந்த இரண்டு உடல்களுக்கு இரண்டு சட்டம். இந்த வேறுபாட்டைத் துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தமிழில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் எத்தனை அலைச்சல் மிச்சமாகியிருக்கும்!

அந்த ஆள் இந்த மண்ணிலிருந்தே படித்து வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. படிக்க வழி இல்லாமல் இல்லை. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் வங்கியியலும் காப்பீடும் சேர்ந்த எம்.பி.ஏ. இருக்கிறது. ஹைதராபாத்தில் காப்பீடு, இடர் மேலாண்மைக்கென்றே 2002-இல் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது. புனேயில் தேசியக் காப்பீட்டுக் கழகம். மும்பையில் 1955-இல் தொடங்கிய இந்தியக் காப்பீட்டு நிறுவனம் தேர்வுகள் நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். கணக்கில் புலியாக இருப்பவர் ஆக்சுவரித் தேர்வுகளுக்குப் போகலாம்; வருஷக்கணக்கில் இழுக்கும் படிப்பு, ஆனால் முடித்தவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. நம் வட்டாரத்து பி.காம் வகுப்புகளிலும் காப்பீடு ஒரு தாளாக வருகிறது. கப்பல் மூழ்கினால் என்ன, மாட்டுக் கொட்டகை எரிந்தால் என்ன என்று உதாரணங்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தொழில் மட்டும் உதாரணமாக வருவதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிவகாசி, விருதுநகர்க் கல்லூரிகள் பல வியாபாரிகளும் தீப்பெட்டி, பட்டாசுக் குடும்பங்களும் கட்டியவை. 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடார் பெயரில் 1963-லிருந்து கல்லூரி நடக்கிறது. ஸ்டாண்டர்டு பெயரில் பெண்கள் கல்லூரி, காளீஸ்வரி பெயரில் கல்லூரி. வானம் பார்த்த பூமியில் தொழிலைக் கொண்டுவந்தவர்கள், அதில் வந்த பணத்தைப் படிப்பில் போட்டார்கள். சாதாரணக் காரியமல்ல. அதனால்தான் உரிமையோடு கேட்கத் தோன்றுகிறது. இந்தியாவில் பட்டாசுத் தொழிலின் ஆபத்தை அளந்து படிக்க இதைவிடப் பொருத்தமான வகுப்பறை எங்கே இருக்கிறது? ஆனைக்குட்டத்திலேயே மத்திய அரசின் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் இருக்கிறது. மூலப்பொருள் சோதனையும் போர்மேன்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பயிற்சியும் நடக்கிற இடம். வேதியியல் தெரிந்தவர்கள் அங்கே, காப்பீடு படிக்கிற பிள்ளைகள் இங்கே. நடுவில் சில மைல் சாலை.

அந்தச் சாலையில் பிள்ளைகள் போய்வந்தால் என்ன படிக்கலாம்? 1835-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சக்காரியா ஆலன் என்ற மில் முதலாளி தன் ஆலையில் தீத்தடுப்புக்கு நிறையச் செலவு செய்தார். பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார். காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. நல்ல ஆலைக்கும் மோசமான ஆலைக்கும் ஒரே கட்டணமா என்று வெகுண்டு, கவனமாக இருக்கும் மில்காரர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு அவர்களே ஒரு பரஸ்பரக் காப்பீட்டு நிறுவனம் தொடங்கினார்கள். ஒருவர் ஆலையில் தீ பிடித்தால் எல்லோர் பையிலிருந்தும் பணம் போகும். ஆகவே ஒருவர் ஆலையை இன்னொருவர் போய்ச் சோதித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயராபீஸ்கள் உள்ள மாவட்டத்தில் இதை யோசிக்கலாம். விதியை மதித்து நான்கு பேரை மட்டும் உட்கார வைக்கிற முதலாளிகளும் இங்கே இருக்கிறார்கள். உள்குத்தகைக்காரர் குறைந்த விலைக்கு வெடியை இறக்கும்போது சந்தையில் அடிவாங்குபவர்கள் அவர்கள். அவர்கள் எடுத்துக்கொள்ளும் கவனத்துக்குப் பணத்தில் ஒரு மரியாதை கிடைக்க வேண்டாமா? எந்த ஆலைக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்ல, ரூம் ரூமாகப் போய்ப் பார்த்துக் கணக்கெழுதும் இளைஞர்கள் வேண்டும். சோதனைக்கு வருகிற அதிகாரியைப் பார்த்தால் கதவு சாத்தப்படும். பிரீமியத்தைக் குறைக்க வருகிறவருக்கு அதே கதவு திறக்கும் என்று நான் நம்புகிறேன்.

அவர்கள் படிக்க வேண்டிய இன்னொருவர் ஹெர்பர்ட் ஹைன்ரிச். டிராவலர்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஆயிரக்கணக்கான கிளெய்ம் காகிதங்களைப் படித்து 1931-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும், காயமே இல்லாமல் தப்பிய 300 சம்பவங்களும் இருக்கின்றன என்றார். விகிதம் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். பயராபீஸுக்கு நிச்சயம் பொருந்தாது. இங்கே 300-க்கும் ஒன்றுக்கும் நடுவே அந்த 29 கிடையாது. தப்பினால் தப்பியது. இல்லையென்றால் இல்லை. அதனாலேயே தப்பிய சம்பவங்களை எழுதிவைப்பது மற்ற எந்தத் தொழிலையும்விட இங்கே அவசியம்.

பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும், அதற்கு முதலில் 5 கோடி ரூபாய் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவராவது காப்பீடும் இடர் மேலாண்மையும் எடுத்துப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எந்த வகுப்பிலும் கிடைக்காத ஒன்று அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொரு நாள் சாயங்காலம் மறுபடி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அம்மா வேனிலிருந்து இறங்கி வந்து வாசல் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அலுமினியப் பவுடர் நகக்கண்ணிலும் ரேகையிலும் வெள்ளியாக ஒட்டியிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது. மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். வகுப்பில் ஹைன்ரிச் பற்றிய பாடம் நடந்த வாரத்திலிருந்து எழுதுகிறாளாம். தேதி, ரூம், என்ன நடக்கப் பார்த்தது என்று மூன்று கட்டம். மருந்து டப்பா கை நழுவியது. கரண்டி மாறி இரும்புக் கரண்டி வந்துவிட்டது. மழைச்சாரல் அடித்த நாளில் மீதி மருந்தை மூடிவைத்துவிட்டு வந்தார்கள். மூன்று பக்கம் நிறைந்திருந்தது. இரண்டாவது கட்டம் மட்டும் எல்லா வரியிலும் காலி.

"இன்னைக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல புள்ள." துண்டால் முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பக்கத்து ரூம்ல ரெண்டு பேரு கூட உக்காந்திருந்தாக" என்றார்.

மகள் எழுதினாள்: ஆறு பேர்.

"ரூம் நம்பரு போட்டுறாத, ஏ புள்ள" என்றார் அம்மா.